இரவில் ஓடும் ஸ்கிரிப்ட்டுக்குத் தோற்கவும் தெரிந்திருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறிய அலுவலகங்களிலும் கல்வி நிறுவனங்களிலும் அன்றாடக் கணினிப் பராமரிப்பு வேலைகளை ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு) எழுதித் தானியக்கமாக்கலாம் என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். நாள்தோறும் பேக்கப் எடுப்பது, பழைய லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்புகளை நீக்குவது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயனர் கணக்கு உருவாக்குவது, வட்டில் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று பார்ப்பது போன்றவற்றை ஒருவர் கையால் செய்துகொண்டிருக்கத் தேவையில்லை, ஷெல்லுக்கான (கட்டளைகளைப் பெற்று இயக்கும் நிரலுக்கான) பத்து வரி ஸ்கிரிப்ட்டும், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே தொடங்கும் கிரான் என்ற நிரலின் அட்டவணையில் ஒரு வரியும் போதும் என்ற அக்கட்டுரையின் கருத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. சர்வர் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்ட எவரும் அதை மறுக்க மாட்டார். ஆனால் கட்டுரை, ஸ்கிரிப்ட் நல்லபடியாக ஓடி முடியும் நாளைப் பற்றி மட்டுமே பேசியது. அது தோற்கும் நாளில் என்ன நடக்கும், அந்தத் தோல்வி யார் கண்ணில் படும் என்ற கேள்விகளை அது தொடவில்லை. கட்டுரையைப் படித்துவிட்டு இன்றைக்கே பத்து வரி எழுதிக் கிரானில் போடப்போகும் இளைஞர்களை எண்ணியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கையால் வேலை செய்பவர், திரையில் பிழைச் செய்தி வந்தவுடன் கையை எடுத்துவிடுவார். ஷெல் அப்படி நிற்பதில்லை. 1979ஆம் ஆண்டு யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல்லும், அதன் வழியில் 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளியிட்ட பேஷும், ஒரு கட்டளை தோற்றாலும் அடுத்த வரிக்குப் போய்விடும் இயல்பு உடையவை. டெர்மினல் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது அந்த இயல்பு வசதியானது. ஆளில்லாத நேரத்தில் அதுவே ஆபத்தாகிறது. ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பேக்கப் வைத்திருக்கும் வெளிவட்டின் டைரக்டரிக்குள் (கோப்புறைக்குள்) போ என்பது முதல் வரி. முப்பது நாளுக்கு முந்தைய கோப்புகளை நீக்கு என்பது இரண்டாம் வரி. ஒரு நாள் அந்த வட்டின் யுஎஸ்பி கேபிள் தளர்ந்து, வட்டு இணைக்கப்படாமல் இருக்கிறது. முதல் வரி தோற்கிறது. எவரும் படிக்காத இடத்தில் ஒரு பிழைச் செய்தி விழுகிறது. இரண்டாம் வரியோ, தான் எங்கே நிற்கிறதோ அங்கேயே, பெரும்பாலும் அந்தப் பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் டைரக்டரியில், தன் வேலையைக் குறைவின்றிச் செய்து முடிக்கிறது.

இதற்கு மருந்து மிக எளிது. முதல் வரியின் இறுதியில், அது தோற்றால் ஸ்கிரிப்ட்டை விட்டு வெளியேறு என்று எழுதினால் போதும். அல்லது நீக்கும் கட்டளைக்கே அந்த டைரக்டரியின் முழுப் பாதையையும் கொடுக்கலாம். பொதுவான பாதுகாப்பாக, ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே ‘செட்’ கட்டளையுடன் ‘இ’, ‘யு’ என்ற இரண்டு விருப்பங்களைச் சேர்க்கும் வழக்கம் உண்டு. முன்னது, ஒரு கட்டளை தோற்றால் ஸ்கிரிப்ட்டை நிறுத்தும். பின்னது, வரையறுக்கப்படாத மாறி (மதிப்பு ஒன்றைத் தாங்கும் பெயர்) ஒன்றைப் பயன்படுத்தினால் நிறுத்தும். எனினும் இவ்விரண்டையும் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. ‘இஃப்’ நிபந்தனைக்குள்ளும், ‘அண்ட்’ குறியால் இணைத்த தொடரின் நடுவிலும் ஒரு கட்டளை தோற்றால் முதல் விருப்பம் அதைக் கண்டுகொள்ளாது. இரண்டாம் விருப்பத்தின் எல்லையைப் புரிந்துகொள்ள, ஊரறிந்த ஒரு நிகழ்வு இருக்கிறது.

2015 ஜனவரியில், லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் தொடக்க ஸ்கிரிப்ட், பயனர் ஒருவரின் கோப்புகளையெல்லாம் அழித்துவிட்டதாகப் புகார் வந்தது. ஸ்டீம் நிறுவப்பட்ட டைரக்டரியின் பெயரை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அந்த மாறிக்குப் பின் ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் சேர்த்து, அதற்குள் இருப்பதையெல்லாம் நீக்கும் வரி அதில் இருந்தது. டைரக்டரியைக் கண்டறியும் கட்டளை தோற்றதால் மாறி வெறுமையானது. மாறி வெறுமையானதும் மிஞ்சியது சாய்கோடும் நட்சத்திரமும், அதாவது கணினியின் வேர் டைரக்டரியில் உள்ள அனைத்தும். அந்த வரிக்கு மேலேயே, இது பயமாக இருக்கிறது என்ற பொருளில் நிரலாளர் ஒரு சொல்லைக் குறிப்பாக எழுதி வைத்திருந்தார். பயந்தவர் ஏன் சோதனை ஒன்றை எழுதவில்லை என்பது வேறு விஷயம். இங்கே கவனிக்க வேண்டியது, அந்த மாறி வரையறுக்கப்பட்டே இருந்தது, அதன் மதிப்புதான் வெறுமையாக இருந்தது என்பதாகும். ஆகவே ‘யு’ விருப்பம் இருந்திருந்தாலும் அதைப் பிடித்திருக்காது. மாறியைப் பயன்படுத்தும் இடத்தில், அதன் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் இட்டு அடைப்புக்குள் எழுதும் முறை ஒன்று ஷெல்லில் நெடுங்காலமாக இருக்கிறது. மாறி வரையறுக்கப்படாவிட்டாலும் வெறுமையாக இருந்தாலும் அது ஸ்கிரிப்ட்டை அங்கேயே நிறுத்திவிடும். நீக்கும் கட்டளை எதிலும் இந்த இரண்டு குறிகள் இல்லாமல் மாறியைப் பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது பேக்கப். நம் ஊர் அலுவலகங்களில் மிகப் பரவலாகக் காணப்படும் வரி, தரவுத்தளத்தை டம்ப் (முழு நகல்) எடுத்து, அதைப் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும் இணைப்பு) வழியாக ஜிஜிப் என்ற கருவிக்கு அனுப்பிச் சுருக்கி, அன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட கோப்பில் சேமிக்கும் வரிதான். பைப்பில் இணைந்த கட்டளைகளில் கடைசிக் கட்டளையின் எக்ஸிட் கோடையே (வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்ணையே) ஷெல் மொத்தத் தொடரின் முடிவாக எடுத்துக்கொள்ளும். தரவுத்தளத்தின் கடவுச்சொல் மாறியிருந்து டம்ப் தோற்றாலும், ஜிஜிப் தனக்கு வந்த வெறுமையைச் சரியாகவே சுருக்கி, வெற்றி என்று அறிவித்துவிடும். வெறுமையைச் சுருக்கினால் கிடைக்கும் கோப்பின் அளவு 20 பைட். டைரக்டரியைத் திறந்து பார்ப்பவருக்கு நாள் தவறாமல் ஒரு கோப்பு இருப்பது தெரியும். பெயர்களும் தேதிகளும் ஒழுங்காக இருக்கும். அளவு என்ற பத்தியைப் பார்த்தவருக்கு மட்டுமே உண்மை புலப்படும். ‘பைப்ஃபெயில்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் தொடரில் எது தோற்றாலும் தோல்வியாகவே கணக்கிடப்படும். அதோடு, இன்றைய கோப்பின் அளவை நேற்றைய கோப்போடு ஒப்பிட்டு, பாதிக்கும் கீழே குறைந்திருந்தால் எச்சரிக்கும் இரண்டு வரிகளையும் எழுதிவிடலாம்.

இது சிற்றூர் அலுவலகத்தின் பிரச்சினை என்று எவரும் எண்ண வேண்டாம். நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவையான கிட்லேப்பில் 2017 ஜனவரி 31 அன்று இரவு நடந்ததை அந்நிறுவனமே ஒளிவுமறைவின்றி வெளியிட்டிருக்கிறது. துணைத் தரவுத்தள சர்வரில் ஒரு டைரக்டரியை நீக்க நினைத்த பொறியாளர், முதன்மை சர்வரில் நிற்பதை உணராமல் நீக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியபோது, சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியிருந்தது. அதன்பிறகு பேக்கப்பைத் தேடியபோதுதான் உண்மையான அதிர்ச்சி காத்திருந்தது. நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பப்பட்ட டம்ப் எடுக்கப்படவே இல்லை. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பில் ஓட, பேக்கப் வேலையோ 9.2 பதிப்பின் டம்ப் கருவியை இயக்கித் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சலைக் கிரான் அனுப்பாமல் இல்லை. அனுப்பியவரின் அடையாளம் முறையாகச் சரிபார்க்கப்படவில்லை என்று எதிர்முனை மின்னஞ்சல் சர்வர் அவற்றையெல்லாம் திருப்பிவிட்டது. வேறொரு சோதனைக்காக ஒரு பொறியாளர் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த வட்டுப் பிரதி ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

அந்த நிகழ்வில் தவறான சர்வரில் கட்டளை கொடுத்தவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, திரும்பிப்போன அந்த மின்னஞ்சல்கள். தோற்றால் சொல்லும்படி ஓர் ஏற்பாட்டைச் செய்துவிட்டு, செய்தி வராததையே வெற்றி என்று கொள்வது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். நம் அலுவலகங்களில் கிரானின் மின்னஞ்சல் சர்வருக்கு வெளியே போவதே அரிது. ரூட் என்ற தலைமைப் பயனரின் உள்ளூர் அஞ்சல் கோப்பில் ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடக்கும். ஏற்பாட்டைத் தலைகீழாக்க வேண்டும். பேக்கப் ஸ்கிரிப்ட் எல்லாம் சரியாக முடிந்தபின், தன் கடைசி வரியில் ஒரு சிறு அடையாளக் கோப்பைப் புதுப்பிக்கட்டும். வேறொரு கணினியில் ஓடும் இன்னொரு ஸ்கிரிப்ட், அந்தக் கோப்பு 26 மணி நேரத்துக்கு மேல் பழையதாகிவிட்டதா என்று மட்டும் பார்த்து, ஆகியிருந்தால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பட்டும். 24 என்று வைத்தால், ஒரு நாள் பேக்கப் பத்து நிமிடம் தாமதமானாலும் வீண் எச்சரிக்கை வரும்; வீண் எச்சரிக்கை நாலு முறை வந்தால் ஐந்தாவது முறை அதை யாரும் பார்ப்பதில்லை. இந்த முறையில் சர்வர் முழுவதுமாக நின்றுபோனாலும், கிரானே செத்துப்போனாலும், ஸ்கிரிப்ட்டையே யாரேனும் நீக்கியிருந்தாலும் செய்தி வந்துவிடும்.

கிரானைப் பற்றியும் கட்டுரை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. டெர்மினலில் அழகாக ஓடிய ஸ்கிரிப்ட் கிரானில் ஓடவில்லை என்ற புலம்பலைக் கேட்காத நிர்வாகி இருக்க மாட்டார். நாம் லாகின் செய்யும்போது கிடைக்கும் சூழல் கிரானுக்குக் கிடைப்பதில்லை. கட்டளைகளைத் தேடும் பாதைப் பட்டியல் மிகக் குறுகியதாகவே இருக்கும். ஆகவே தேவையான பாதைகளை ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். கிரான் அட்டவணையில் விழுக்காட்டுக் குறி புதிய வரியைக் குறிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. தேதியைப் பெயரில் சேர்க்க விழுக்காட்டுக் குறியிட்டு எழுதிய கட்டளை, அட்டவணையில் அப்படியே ஒட்டப்பட்டால் பாதியில் அறுந்துபோகும். அதற்கு முன்னால் பின்சாய்கோடு இட வேண்டும், அல்லது கட்டளையை ஸ்கிரிப்ட்டுக்குள் வைத்து அட்டவணையில் அதன் பெயரை மட்டும் எழுத வேண்டும்.

நேர மண்டலம் இன்னொரு பொறி. வாடகைக்கு எடுக்கும் கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் வருகின்றன. அதிகாலை இரண்டு மணிக்கு என்று கிரானில் எழுதிய கனமான வேலை, நம் நேரப்படி காலை 7.30க்கு, பயனர்கள் உள்ளே வரத் தொடங்கும் வேளையில் ஓடும். அதைவிட மோசமானது தேதிக் கணக்கு: நம் நள்ளிரவுக்கும் காலை 5.30க்கும் இடையில் அந்த சர்வர் இன்னும் முந்தைய நாளிலேயே இருப்பதால், ‘நேற்றைய விற்பனை’ என்று கேட்கும் ஸ்கிரிப்ட் அதற்கும் முந்தைய நாளின் கணக்கை எடுத்துக் கொடுக்கும். எண்கள் நம்பும்படியாகவே இருக்கும் என்பதால் எவருக்கும் சந்தேகம் எழாது. இதற்கு மாறாக, அலுவலகத்துக்குள்ளேயே வைத்திருக்கும் கணினிகளில் பிரச்சினை வேறு. மாலை ஆறு மணிக்கு மின்விசிறியோடு சேர்த்து மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகும் அலுவலகத்தில், அதிகாலை இரண்டு மணி வேலை ஒருபோதும் ஓடாது. கிரான் தவறவிட்ட வேலையைப் பின்னர் ஈடுசெய்வதுமில்லை. அத்தகைய இடங்களில் அனாகிரான் என்ற மாற்று நிரலையோ, தவறிய வேலையைக் கணினி எழுந்ததும் ஓட்டும்படி அமைத்த சிஸ்டம்டி டைமரையோ பயன்படுத்த வேண்டும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கென்றே உரிய சிக்கல் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் அலுவலர்கள் கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கிறார்கள். ‘வரவு செலவு ஏப்ரல் இறுதி’ என்று இடைவெளிகளோடு வைக்கிறார்கள். அதில் தவறேதும் இல்லை. பெயரைத் தாங்கத் தெரியாத ஸ்கிரிப்ட்டில்தான் தவறு. கோப்புகளின் பட்டியலை ‘எல்எஸ்’ கட்டளையால் எடுத்து, அதை ‘ஃபார்’ சுற்றில் கொடுத்தால், மேற்சொன்ன ஒரே கோப்பு நான்கு தனித்தனிப் பெயர்களாக உடைந்துவிடும். நட்சத்திரக் குறியை நேரடியாகச் சுற்றில் கொடுத்து, மாறியை எப்போதும் இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. பெயர்களை, கோப்புகளைத் தேடும் ‘ஃபைண்ட்’ கட்டளையிலிருந்து, அவற்றை வாங்கி வேறொரு கட்டளைக்குக் கொடுக்கும் ‘எக்ஸ்ஆர்க்ஸ்’ கட்டளைக்கு அனுப்பும்போது, பூச்சிய பைட்டைப் பிரிப்பானாகக் கொள்ளும் விருப்பத்தை இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும். நீளத்துக்கும் வரம்பு உண்டு. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் பெயருக்கு 255 பைட்தான் இடம். யுடிஎஃப்-8 குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் தேவை. ‘கி’ போன்ற உயிர்மெய்யோ புள்ளி வைத்த மெய்யோ இரண்டு குறிகளால் ஆனது என்பதால் அதற்கு ஆறு பைட் ஆகிறது. அரசாணையின் பொருளை முழுவதுமாகப் பெயராக வைக்கும் பழக்கம் உள்ள இடங்களில் இந்த வரம்பு எளிதில் தட்டும். விண்டோஸில் எழுத்து எண்ணிக்கையைக் கொண்டே வரம்பு அமைவதால், அங்கே ஏற்கப்பட்ட பெயர் லினக்ஸ் பேக்கப் சர்வருக்கு நகலாகாமல் நின்றுவிடும். அந்தக் கோப்பு மட்டும் பேக்கப்பில் இல்லாதது, அது தேவைப்படும் அன்றுதான் தெரியும்.

ஒரே ஸ்கிரிப்ட் ஒரே நேரத்தில் இருமுறை ஓடுவதால் விளையும் கேடுகளும் உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் நகலெடுப்பு வேலை, ஒரு நாள் நெட்வொர்க் மந்தமாகிப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டால், முதலாவது முடியுமுன் இரண்டாவது தொடங்கி, இரண்டும் ஒரே கோப்பில் எழுதத் தொடங்கும். ‘ஃப்ளாக்’ என்ற சிறு கட்டளை, ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் புதியதை உள்ளே விடாது. ஏதேனும் ஒரு கோப்பை நாமே ‘பூட்டு’ என்ற பெயரில் உருவாக்கி நீக்கும் பழைய முறையைவிட இது மேலானது. ஸ்கிரிப்ட் நடுவில் செத்தாலும் இயங்குதளத்தின் மையமான கர்னல் பூட்டைத் தானே விடுவித்துவிடும். இதைப் போலவே, முக்கியமான கோப்பு எதையும் நேரடியாக மேலெழுதாமல், அதே கோப்பு முறைமையில் தற்காலிகப் பெயரில் முழுவதுமாக எழுதி முடித்து, சரிபார்த்தபின் ‘எம்வி’ கட்டளையால் பெயர் மாற்ற வேண்டும். பெயர்மாற்றம் ஒரே அடியில் நிகழ்வதால், பாதி எழுதிய கோப்பை வேறெந்த நிரலும் பார்க்க நேராது.

இந்தப் பெயர்மாற்ற முறை ஸ்கிரிப்ட்டுக்கும் பொருந்தும் என்பதற்கு ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகம் கொடுத்த விலை பெரிது. 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை, அங்குள்ள சூப்பர் கம்ப்யூட்டரின் சேமிப்பகத்திலிருந்து சுமார் 77 டெராபைட் தரவு, ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், அழிந்துபோயின. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் நான்கு குழுக்களின் தரவை மீட்க முடியவில்லை. பழைய லாக் கோப்புகளை நீக்கும் பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்றை, அந்தக் கணினி அமைப்பை வழங்கிய ஹியூலெட் பேக்கார்ட் எண்டர்பிரைஸின் ஜப்பானியப் பிரிவு திருத்தியது. எளிதாகப் படித்துப் புரிந்துகொள்ளும் வகையில் மாறிகளின் பெயர்களை மேம்படுத்துவதும் அத்திருத்தத்தின் நோக்கங்களில் ஒன்று. பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியது அதன் மேல் எழுதப்பட்டது. பேஷ், ஸ்கிரிப்ட் முழுவதையும் முதலிலேயே படித்து வைத்துக்கொள்வதில்லை. ஓட ஓடக் கோப்பிலிருந்து படித்துக்கொண்டே போகும். ஆகவே முற்பாதி பழைய ஸ்கிரிப்ட்டும் பிற்பாதி புதிய ஸ்கிரிப்ட்டுமாக ஒரு கலவை ஓடியது. புதிய பெயர் கொண்ட மாறிகளுக்கு யாரும் மதிப்புக் கொடுத்திருக்கவில்லை. லாக் டைரக்டரியில் தேட வேண்டிய ‘ஃபைண்ட்’ கட்டளை, ஆய்வாளர்களின் தரவுப் பகுதிக்குள் புகுந்து நீக்கத் தொடங்கியது. முழுப் பொறுப்பும் தங்களுடையதே என்று அந்நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டது.

அங்கே நடந்ததைத் தடுத்திருக்கக் கூடிய வழிகளை எண்ணிப் பார்த்தால் அவை அனைத்தும் சிறியவை. வரையறுக்கப்படாத மாறியில் நிற்கும் விருப்பம் ஒன்று. ஸ்கிரிப்ட்டின் உள்ளடக்கம் முழுவதையும் ‘மெயின்’ என்ற செயற்கூறுக்குள் (ஃபங்ஷனுக்குள்) வைத்து, கடைசி வரியில் அதை அழைப்பது இன்னொன்று. அப்படி எழுதினால், செயற்கூறு முழுவதையும் படித்து முடித்த பிறகே பேஷ் எதையும் இயக்கும். புதிய பதிப்பை வேறு பெயரில் நகலெடுத்து ‘எம்வி’யால் இடம்மாற்றுவது மூன்றாவது, அப்போது ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்கிரிப்ட் தன் பழைய கோப்பையே தொடர்ந்து படித்துக்கொண்டிருக்கும். இவற்றில் ஒன்றுக்குக்கூடக் காசு செலவில்லை. மாணவர் ஒருவர் எழுதினாலும் நிபுணர் எழுதினாலும், ஸ்கிரிப்ட்டைப் படித்துக் குற்றம் கண்டுபிடிக்கும் ஷெல்செக் என்ற இலவசக் கருவியும் இருக்கிறது. மேற்கோள் விடுபட்டது, டைரக்டரிக்குள் போகும் ‘சிடி’ கட்டளை தோற்றால் என்ன என்று கேட்காதது போன்ற பிழைகளை அது வரி எண்ணோடு சொல்லிவிடும். செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவிகளிடம் கேட்டு ஸ்கிரிப்ட்டை வாங்கி ஒட்டும் பழக்கம் பெருகிவிட்ட இக்காலத்தில், ஒட்டுவதற்கு முன் ஷெல்செக்கில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது குறைந்தபட்ச மரியாதை.

அழிக்கும் திறன் கொண்ட எந்த ஸ்கிரிப்ட்டையும் முதலில் ஒத்திகை பார்க்க வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தாலும், ‘ஆர்சிங்க்’ என்ற நகலெடுப்புக் கருவி காரணமாகச் சொல்கிறேன். மூலத்தில் இல்லாததை நகலிலிருந்தும் நீக்கும் அதன் ‘டிலீட்’ விருப்பம் பேக்கப்பைத் துப்புரவாக வைத்திருக்கும். ஆனால் மூல வட்டு இணைக்கப்படாமல் அதன் டைரக்டரி வெறுமையாக இருக்கும் நாளில், மூலத்தில் எதுவுமே இல்லை என்று முடிவுகட்டி, நகலையும் முழுவதுமாகத் துடைத்துவிடும். ஓடுவதற்கு முன் மூலத்தில் எப்போதும் இருக்கும் ஓர் அடையாளக் கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதும், ஒரே தடவையில் இத்தனைக்கு மேல் நீக்காதே என்று வரம்பு வைப்பதும், மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும் ‘டிரை ரன்’ விருப்பத்தோடு ஓட்டி அது காட்டும் பட்டியலைக் கண்ணால் படிப்பதும் இன்றியமையாதவை. விண்டோஸ் பவர்ஷெல்லில் ‘வாட் இஃப்’ என்ற விருப்பம் இதே வேலையைச் செய்கிறது. விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலரை நம்புவோர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். லாகின் செய்தவரின் திரையில் ‘இசட்’ டிரைவாகத் தெரியும் நெட்வொர்க் இடம், யாரும் லாகின் செய்யாத நேரத்தில் ஓடும் வேலைக்குத் தெரியாது. சர்வரின் பெயரோடு கூடிய முழுப் பாதையைத்தான் கொடுக்க வேண்டும்.

கடவுச்சொல்லைக் கட்டளை வரியிலேயே எழுதும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் பட்டியலைப் பார்க்கும் சாதாரணப் பயனருக்கும் அது தெரிந்துவிடக் கூடும். உரிமையாளர் மட்டுமே படிக்கக்கூடிய தனிக் கோப்பில் வைத்தால் போதும்.

இவை எதுவும் புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. ஆனாலும் நம் கல்லூரி லினக்ஸ் ஆய்வகங்களில் இவற்றுக்கு இடமில்லை. பகா எண் கண்டுபிடிக்கும் ஷெல் ஸ்கிரிப்ட், ஃபேக்டோரியல் கணக்கிடும் ஷெல் ஸ்கிரிப்ட், இரு எண்களில் பெரியதைக் காட்டும் ஷெல் ஸ்கிரிப்ட் என்று பயிற்சிக் குறிப்பேடு நிரம்புகிறது. ஷெல்லில் பகா எண் தேடும் தேவை எந்த நிர்வாகிக்கும் வந்ததில்லை. அதற்குப் பதில், வட்டு நிரம்பிய கணினி, பாதியில் அறுந்த நெட்வொர்க், இடைவெளி உள்ள தமிழ்க் கோப்புப் பெயர், காலாவதியான கடவுச்சொல் ஆகிய நான்கு நிலைகளை ஆய்வகத்தில் வேண்டுமென்றே உருவாக்கி, மாணவரின் பேக்கப் ஸ்கிரிப்ட் ஒவ்வொன்றிலும் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து மதிப்பெண் வழங்கலாம். இதற்குத் தேவை ஒரு பழைய கணினியும் ஒரு பென்டிரைவும்தான்.

அலுவலகங்களைப் பொறுத்தவரை, மாற்றத்தைத் தொடங்க வேண்டிய இடம் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். நான் பார்த்த ஒப்பந்தங்களில் ‘தினசரி பேக்கப் எடுக்கப்படும்’ என்ற வாசகம் தவறாமல் இருக்கிறது. மீட்டுக் காட்டப்படும் என்ற வாசகம் இருப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒப்பந்ததாரர் தேர்ந்தெடுக்காமல் அலுவலகம் தேர்ந்தெடுக்கும் ஏதேனும் ஒரு தேதியின் பேக்கப்பை, வேறொரு கணினியில் முழுமையாக மீட்டு, அந்தத் தேதியின் கடைசிப் பதிவு அதில் இருப்பதை அலுவலகத் தலைவர் முன்னிலையில் காட்டி, மீட்க எடுத்துக்கொண்ட நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றும், அதன்பிறகே அக்காலாண்டுக்கான தொகை வழங்கப்படும் என்றும் ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும். வரும் ஏப்ரலில் புதுப்பிக்கப்படவிருக்கும் ஒப்பந்தங்களிலேயே இதைச் சேர்ப்பதற்கு எந்த விதியும் தடையாக இருப்பதாகத் தெரியவில்லை. தங்கள் நாளிதழ் இதனை உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுசெல்லும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கல்லூரிக் கணினி மைய நிர்வாகி,
திருச்சிராப்பள்ளி.